குடிக்காத மணியம், தூங்காத மணியம்

மனநலப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தங்கச்சிகளுக்கும் தம்பிகளுக்கும் வணக்கம். நாலு நல்ல அனுபவங்களை எழுதித் தரும்படி உங்கள் மேற்பார்வைத் தாதி என்னிடம் கேட்டார். நல்ல அனுபவங்களை எழுதினால் படித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவீர்கள். அதனால் நான் செய்த ஒரு தப்பை எழுதுகிறேன். ஒன்றே ஒன்றுதான், ஆனால் முழுசாக எழுதுகிறேன்.

மருந்தின் அளவு, ரத்தப் பரிசோதனை, படிவம் நிரப்புவது எல்லாம் உங்களுக்கு வகுப்பில் என்னைவிட நன்றாகவே சொல்லித் தந்திருப்பார்கள். நான் பார்த்தது வீடு வீடாகப் போகும் தாதி வேலை. ஆயர் குரோ அடுக்குமாடி வீடுகளிலிருந்து தெங்கேராவின் பழைய கடைவீடுகள் வரை, இன்னும் ஆள் குறையாத ஒன்றிரண்டு தோட்டங்களையும் சேர்த்து, மலாக்காவில் நான் செருப்பைக் கழற்றாத வாசல் குறைவு. எல்லாருக்கும் நான் "மிஸ்ஸி". என் பெயர் என்னவென்று பாதிப் பேருக்குத் தெரியாது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஏன் அப்படி நடந்துகொண்டேன் என்று உங்களுக்குப் புரியாது. என் அப்பா தோட்டத்தில் சம்சு குடித்தே செத்தவர். அந்த மலிவுச் சாராயத்தின் வாடை பட்டால் இன்றும் மூக்கைப் பொத்திக்கொள்வேன். எந்த வீட்டிலாவது குடி என்ற சொல் காதில் விழுந்தால் போதும், வேறு எதுவும் எனக்குக் கேட்காது. இதைத் தெரிந்துகொள்ளாமலேயே பல வருடம் வேலை பார்த்திருக்கிறேன்.

மணியம் என்று ஒருவர். அது அவருடைய உண்மையான பெயர் அல்ல, அவர் மனைவிக்கு நான் வைத்திருக்கும் தேவகி என்ற பெயரும் உண்மையல்ல. புக்கிட் பெருவாங்கில் வீடு. மணியம் தொழிற்சாலை பஸ் ஓட்டுநர். காலையிலும் மதியமும் ஷிப்ட் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஆயர் குரோ தொழிற்பேட்டையில் இறக்குவார். பஸ்ஸில் நாற்பத்து நாலு பேர், பெரும்பாலும் பெண்கள். ஒரு நாள்கூடத் தாமதமாக இறக்கியதில்லை என்பதில் அவருக்கு ஒரு கர்வம் உண்டு. பஸ்ஸை வீட்டுக்கு எதிரே உள்ள திடலில்தான் நிறுத்துவார்.

அவருக்கு இருமுனைக் கோளாறு. சில வாரங்கள் மனம் ஏறிக்கொண்டே போகும். தூக்கம் வராது, தூக்கம் வேண்டும் என்றும் தோன்றாது, பேச்சு நிற்காது, தலைக்குள் ஆயிரம் திட்டம் ஓடும். அப்புறம் இறங்கும். இறங்கினால் குளிக்கக்கூட எழுந்திருக்க மாட்டார். இதோடு குடியும் இருந்தது. தினக்குடி இல்லை. மாதக்கணக்கில் தொடாமல் இருந்துவிட்டு, ஆரம்பித்தால் நாலைந்து நாள் விடாமல் குடிப்பார். (தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் உடம்புக்கே ஆபத்து. அது வேறு கதை, டாக்டர் இல்லாமல் அதில் கை வைக்காதீர்கள்.)

முதல் தடவை அவரை வார்டில் சேர்த்தபோது வீட்டு விவரம் எல்லாம் கேட்டு எழுதியது நான்தான். பக்கத்து வீட்டுக்காரர், மச்சான், கூட வேலை செய்தவர் என்று யாரைக் கேட்டாலும் ஒரே பாட்டுத்தான்: "நல்ல மனுசன் மிஸ்ஸி, தண்ணி போட்டாத்தான் இப்படி." எனக்கும் அது போதுமாக இருந்தது. என்னைப் பொறுத்தவரை திருடன் கையும் களவுமாகப் பிடிபட்டுவிட்டான்.

வார்டிலிருந்து அவர் வீட்டுக்குப் போகிற அன்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அக்கறையோடுதான், ஒரு வாக்கியம் சொன்னேன். "அண்ணே, இந்தக் குடியை மட்டும் விட்டுடுங்க. குடி போச்சுன்னா இந்த நோயும் தன்னால போயிடும்." அவர் தலையாட்டினார். டாக்டர் அதற்கு முன்பே எல்லாவற்றையும் முறையாக விளக்கியிருந்தார், லித்தியம் மாத்திரையை எதற்காக விடக் கூடாது என்பது உட்பட. ஆனால் டாக்டர் சொன்னது மலாய் மொழியில், பத்து நிமிடத்தில். நான் சொன்னது தமிழில், கையைப் பிடித்துக்கொண்டு. மணியத்தின் மனதில் தங்கியது என் வாக்கியம்தான். நம் நோயாளிகளிடம் தாய்மொழியில் பேசக் கிடைத்திருப்பது பெரிய வரம், தங்கச்சி. அதனாலேயே அளந்து பேச வேண்டும்.

மாசி மகத்துக்கு மலைக் கோயிலுக்குக் காவடி எடுப்பதாக அவர் வேண்டிக்கொண்டது அடுத்த வருடம். நாற்பத்தெட்டு நாள் விரதம். மாலை போட்டுக்கொண்டார், மஞ்சள் வேட்டி கட்டினார், ஒரு வேளைச் சாப்பாடு. குடியைத் தொடவில்லை. நம்ம ஊரில் உங்களுக்குத் தெரியும், எத்தனை ஆலோசகர்கள் பேசியும் பாட்டிலைக் கீழே வைக்காத ஆளை ஒரு மாலை வைக்கச் செய்துவிடும். அதை நான் கேலி செய்ய மாட்டேன், கண்ணால் பார்த்திருக்கிறேன்.

விரதம் தொடங்கிய மூன்றாவது வாரம், வேறு வீட்டுக்குப் போகும் வழியில் அந்தத் திடலைக் கடந்தேன். மணியம் பாடிக்கொண்டே பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டுப் பாயசம் கொடுத்தார். பஸ்ஸுக்குள் ஏறிப் பார்க்கச் சொன்னார். ஒவ்வொரு இருக்கைக்கும் மேலே ஒரு பூச்சரம் தொங்கியது. நெற்றி நிறைய விபூதியோடு அவர் சிரித்த சிரிப்பில் எனக்கு மனசு குளிர்ந்துபோனது. என் அப்பா ஒரு தடவையாவது இப்படி இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். கிளினிக்குக்குத் திரும்பி வந்து அவருடைய குறிப்பேட்டில் எழுதினேன்: குடி நிறுத்தம், நலம். மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று நான் கேட்கவில்லை. நாற்பத்து நாலு பூச்சரத்தை எப்போது உட்கார்ந்து கட்டினீர்கள் என்றும் கேட்கவில்லை.

ஒரு வாரம் கழித்துத் தேவகி கிளினிக்குக்குப் போன் செய்தார். அவர் அதிகம் பேசாதவர். தெங்கேராவில் ஒரு தையல் கடையில் வேலை. வார்டில் மணியம் இருந்த நாட்களில் தினமும் வந்து, சாப்பாட்டைக் கொடுத்துவிட்டு, யாரிடமும் எதுவும் கேட்காமல் போவார். அப்படிப்பட்டவர் தானாகப் போன் செய்கிறார் என்றால் எனக்குக் காது நிமிர்ந்திருக்க வேண்டும்.

"மிஸ்ஸி, அவரு குடிக்கல," என்றார். "ஆனா தூங்கவும் மாட்டேங்குறாரு லா."

நான் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன். "குடிக்காம இருக்காருல்ல, அதுக்கே சந்தோஷப்படும்மா. விரதக்காரர் விடியறதுக்கு முன்னாடியே எந்திரிச்சுக் குளிச்சுச் சாமி கும்பிடுவாரு. அப்படித்தான் இருக்கும்."

"சரி மிஸ்ஸி" என்று போனை வைத்துவிட்டார்.

அந்த "சரி மிஸ்ஸி"யைக் கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஒப்புக்கொண்டேன் என்று அதற்கு அர்த்தமில்லை. இதற்கு மேல் உன்னிடம் சொல்லிப் பயனில்லை என்று அர்த்தம். எத்தனை வீட்டில், எத்தனை பெண்கள் என்னிடம் அப்படிச் சொல்லியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்க இன்றுவரை எனக்குத் துணிச்சல் இல்லை.

அதற்குப் பத்து நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை பகல் பதினொன்றரைக்கு இரண்டாவது போன். இந்தத் தடவை தேவகி என்னைக் குறுக்கே பேச விடவில்லை. முந்தின நாள் காலை ஷிப்ட் ஆட்களோடு மணியம் தொழிற்சாலை வாசலைத் தாண்டி நேராக நெடுஞ்சாலைப் பக்கம் ஓட்டியிருக்கிறார். எல்லாரையும் மலைக் கோயிலுக்குக் கூட்டிப்போய் ஆசீர்வாதம் வாங்கித் தருவதாகச் சொன்னாராம். அவருடைய பாட்டுக்கும் பூவுக்கும் ஒரு மாதமாகப் பழகிப்போயிருந்த பெண்கள் முதலில் சிரித்திருக்கிறார்கள். பஸ் வேகம் எடுத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. முன்இருக்கையில் இருந்த, அம்மா வயதுள்ள ஒரு மலாய் மாக்சிக் அழுதுகொண்டே அவர் பெயரைச் சொல்லிக் கெஞ்சிய பிறகுதான் பஸ்ஸைத் திருப்பினாராம். அந்த மாக்சிக் மணியத்தின் லோரோங்கில், அதே சந்தில் இருப்பவர். அவர் சொல்லித்தான் தேவகிக்கு அன்று காலை தெரிந்தது.

"இன்னைக்கு ரெண்டு மணிக்கு மறுபடி பஸ் எடுக்கணும்னு குளிச்சிட்டு உக்காந்திருக்காரு, மிஸ்ஸி. மாத்திரைப் பெட்டியைப் பார்த்தேன். மாலை போட்ட அன்னைக்கிலிருந்து ஒன்னுகூட எடுக்கல."

குடி போனால் நோயும் போய்விடும் என்று நான்தானே சொன்னேன்? குடியை விட்டார். நோய் போய்விட்டது என்று நம்பினார். போன நோய்க்கு எதற்கு மாத்திரை? கணக்கில் ஒரு பிசகும் இல்லை. அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தவள் நான்.

இந்த மாதிரி நேரத்தில் எதை முதலில் செய்வது என்பதுதான் முழு வேலையும். எனக்கு உடனே ஓடிப்போய் அவரைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. ஆனால் முதல் கவலை அந்த நாற்பத்து நாலு பேர். மணியத்துக்கு உடம்பு சரியில்லை, வேறு ஓட்டுநரோடு வேறு பஸ்ஸை அனுப்புங்கள் என்று பஸ் கம்பெனிக்கு உடனே சொல்லும்படி தேவகியிடம் சொன்னேன். அது மனைவி சொல்ல வேண்டிய சொல். நோய் என்ன என்பதைக் கம்பெனிக்கு விளக்க வேண்டியதில்லை. அடுத்து டாக்டரிடம் ஓடினேன். எங்கள் டாக்டரம்மா சீனர், நம்மோடு அரைகுறைத் தமிழில் பேசுவார். மூன்று நிமிடத்தில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கட்டிலுக்கு ஏற்பாடு செய்வதாகவும், அவர் பஸ்ஸைக் கிளப்பினால் யோசிக்காமல் போலீஸைக் கூப்பிடும்படியும் சொன்னார். எங்கள் உதவியாளர் ஒருவரோடு வேனில் புறப்பட்டேன். வேனை லோரோங் முனையிலேயே நிறுத்தச் சொன்னேன். வாசலில் ஆஸ்பத்திரி வேன் நின்றால் தெருவே கூடிவிடும். அப்புறம் அவர் எப்படித் தலைநிமிர்ந்து திரும்பி வருவார்?

மணி பன்னிரண்டரை. மணியம் மாலையும் வேட்டியுமாக வரவேற்பறையில் நடந்துகொண்டிருந்தார். பஸ் சாவியை விரலில் மாட்டிச் சுழற்றியபடி, நான் உள்ளே வருவதற்குள்ளேயே பேச ஆரம்பித்துவிட்டார். மாசி மகத்துக்குப் பத்து பஸ், எல்லா இனத்து ஆட்களும், தண்ணீர்ப் பந்தல், தொழிற்சாலை முதலாளி வந்து கொடி அசைப்பது என்று ஒன்றை முடிப்பதற்குள் அடுத்தது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அந்த நேரம் பார்த்துக் கம்பெனியிலிருந்து அவர் போனுக்குச் செய்தி வந்தது. இன்று ஓய்வெடுக்கச் சொல்லியிருந்தார்கள். அவர் முகம் மாறியது.

"யாரு சொன்னது? நான் குடிச்சிருக்கேனா?" என்று என் முன்னால் வந்து நின்றார். "ஊதிக் காட்டவா மிஸ்ஸி? இந்தாங்க, பாருங்க."

என் முகத்துக்கு நேரே குனிந்து ஊதினார். துளசி வாசம்தான் வந்தது. சமையலறை வாசலில் நின்ற தேவகி என்னைப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவருக்கு நோய் திரும்பிவிட்டது என்பதை எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அது எல்லாம் மறந்துபோய்விட்டது. என் வாயில் வந்தது இதுதான்:

"நீங்க குடிக்கலண்ணே. சத்தியமா நம்புறேன். நான்தான் உங்ககிட்ட ஒரு தப்பு சொல்லிட்டேன். குடியை விட்டா நோயும் போயிடும்னு சொன்னேன்ல? அது தப்பு. மாத்திரை குடிக்காகக் கொடுத்தது இல்ல."

சுழன்றுகொண்டிருந்த சாவி நின்றது. "நீங்கதான மிஸ்ஸி சொன்னீங்க?" என்றார்.

"ஆமாண்ணே. நான்தான் சொன்னேன்."

அரைமணி நேரத்தில் முதல் தடவையாக அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். இந்த நிலையில் இருப்பவரிடம் நாம் எதையும் வாதாடி ஜெயிக்க முடியாது, அதை நீங்கள் சீக்கிரமே பார்ப்பீர்கள். ஆனால் நம் தப்பை நாம் ஒப்புக்கொள்வதில் வாதாட அவருக்கும் ஒன்றுமில்லை.

அப்போது தேவகி சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் கழற்றிக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார். மளிகைக் கடையில் சும்மா கொடுப்பார்களே, குதிரைப் படம் போட்டு எண்கள் பெரிது பெரிதாக இருக்கும், அந்தக் காலண்டர். கட்டங்களுக்குள் நீலப் பேனாவால் வட்டங்களும் கோடுகளும் போட்டிருந்தன. வட்டம் அவர் குடித்த நாள், கோடு அவர் தூங்காத நாள். முதல் தடவை வார்டில் ஒரு டாக்டர், மாதத்தில் எத்தனை நாள் குடிப்பார் என்று கேட்டபோது தேவகியால் பதில் சொல்ல முடியவில்லையாம். அந்த வெட்கத்தில் அன்றிலிருந்து குறித்து வருகிறார். நாங்கள் யாரும் பிறகு அதைக் கேட்கவே இல்லை. இவரும் சொல்லவில்லை.

அந்த மாதத்தில் ஒரு வட்டம்கூட இல்லை. கோடுகள் மட்டும் வரிசையாக, ஒரு கட்டம் விடாமல் பதினெட்டு. மணியம் விரலை வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார்.

"இத்தனையுமா?" என்றார்.

"கூடவே முழிச்சிருந்தவ நான்தான்," என்றார் தேவகி.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். இன்னும் ஒரு மணி நேரம் பேரம் நடந்தது. ஒரு நிமிடம் வருகிறேன் என்பார், அடுத்த நிமிடம் வாசலுக்குப் போய் பஸ்ஸைப் பார்ப்பார். கடைசியில் இரண்டு நிபந்தனை போட்டார். மாலையைக் கழற்றச் சொல்லக் கூடாது. சாவியை யார் கையிலும் கொடுக்க மாட்டார். வார்டில் கழுத்தைச் சுற்றி எதையும் விட்டுவைக்க மாட்டோம், ஆபத்து என்று; அதனால் முதல் நிபந்தனையை நான் போனில் டாக்டரிடம் கேட்டேன். தாதிகள் கவுண்டருக்கு நேர் எதிர்க் கட்டிலில் வைத்துப் பார்த்துக்கொண்டால் மாலை இருக்கட்டும் என்றார். இரண்டாவது நிபந்தனைக்கு மணியமே வழி கண்டுபிடித்தார். சாவியைக் கொண்டுபோய் முருகன் படத்துக்கு முன்னால், விபூதித் தட்டில் வைத்தார். அங்கே வைத்ததை அந்த வீட்டில் யாரும் தொட மாட்டார்கள், அவர் உட்பட. பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டு, தெருவில் ஏதோ விசேஷத்துக்குப் போவது போல என்னோடு வேன் வரை நடந்து வந்தார். நாங்கள் புறப்படும்போது வேறு பஸ் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டிருந்தது. அன்று வேலைக்குப் போகாத அந்த மாக்சிக் தன் வீட்டு வாசலில் நின்று கையசைத்தார்.

மாசி மகத்தன்று மணியம் வார்டில் இருந்தார். அவருக்குப் பதிலாகத் தேவகி பால்குடம் எடுத்து மலை ஏறிவிட்டு, மஞ்சள் சேலையோடு நேராக வார்டுக்கு வந்து அவர் நெற்றியில் விபூதி வைத்தார். பக்கத்துக் கட்டில்காரர்களும் நெற்றியை நீட்டினார்கள். என் நெற்றியிலும் வைத்துவிட்டார். எனக்கு அதைவிடப் பெரிய மன்னிப்பு யாரும் தந்ததில்லை.

அந்த முதல் போனைப் பற்றிக் குறிப்பேட்டில் எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் தவித்தேன். யாருக்கும் தெரியாது. தேவகி காட்டிக்கொடுக்கிறவர் இல்லை. ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு எப்படிச் சாப்பிடுவது? டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. பேனாவை எடுத்து என் கையில் கொடுத்து, "நீ எழுது. இன்னொரு மிஸ்ஸி படிக்கும் லா" என்றார். எழுதினேன். யானைக்கும் அடி சறுக்கும் என்று கூட வேலை செய்தவர்கள் தேற்றினார்கள். சரிதான், ஆனால் யானை சறுக்கினால் நசுங்குவது யானை அல்ல என்பதை நான் மறக்கவில்லை.

பிறகு தேவகியின் பழைய காலண்டர்களை எல்லாம் வாங்கி வந்து டாக்டரோடு உட்கார்ந்து பார்த்தேன். பல தடவை கோடு முதலில், இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் வட்டம். மனம் ஏற ஆரம்பித்ததும் தூக்கம் போயிருக்கிறது. அந்த வேகத்திலும், கொஞ்சம் தூங்க முடியுமா என்ற ஆசையிலும் குடித்திருக்கிறார். தெருவில் எல்லாருக்கும் தெரிந்தது வட்டம்தான். கோட்டைப் பார்த்தவர் தேவகி ஒருவர்தான்.

அப்படியானால் குடி அப்பாவியா என்று கேட்பீர்கள். நானும் அடுத்த பக்கம் சாய்ந்து, அப்படி நினைக்கத் தொடங்கியிருந்தேன். மறு வருடம் அதற்கும் பாடம் கிடைத்தது. மணியம் மறுபடி மாலை போட்டார், இந்த முறை டாக்டருக்குச் சொல்லிவிட்டு. மாத்திரையை விடவில்லை. தண்ணீர் குறைந்தால் லித்தியம் உடம்பில் ஏறிவிடும் என்பதால் விரதத்தைத் தண்ணீர் தாராளமாகக் குடிக்கும் விரதமாக மாற்றினோம், ரத்தமும் பார்த்தோம். காவடிக் குழுத் தலைவர் ஒரு லோரி ஓட்டுநர், பனைமரம் மாதிரி ஆள். அவர் மலை ஏறும் வழியெல்லாம் தண்ணீர்ப் போத்தலோடு மணியத்துக்குப் பக்கத்திலேயே நடந்தார். காவடி நல்லபடியாக இறங்கியது.

மறுநாள் மாலையைக் கழற்றினார்கள். கழற்றிய அன்றே கூட்டாளிகள் பீர் பெட்டியோடு வந்துவிட்டார்கள். நாற்பத்தெட்டு நாள் இருந்தாச்சே, இன்று ஒரு நாள் என்ன என்பது நம்மவர்களின் பழைய வழக்கம். ஒரு நாள் மூன்று நாளானது. இந்தத் தடவை அவர் மனம் ஏறவில்லை. பாறாங்கல் மாதிரி இறங்கியது. இரண்டு மாதம் படுத்த படுக்கை. இனிமேல் எதற்கு இருக்க வேண்டும் என்று தேவகியிடம் கேட்கும் அளவுக்குப் போனார். தேவகி அன்றே போன் செய்தார். அந்தப் போனை நான் ஒழுங்காகக் கேட்டேன். காலண்டரில் இந்த முறை வட்டம் முதலில், பிறகுதான் மற்றதெல்லாம்.

ஒரே ஆள், ஒரே நோய். ஒரு வருடம் நோய் குடியை இழுத்து வந்தது, மறு வருடம் குடி நோயை இழுத்து வந்தது. என் அப்பாவிடமிருந்து நான் கற்றுக்கொண்டது பொய்யில்லை, பாதி. பாதியை முழுசு என்று நம்பியதுதான் என் தப்பு. எது முதலில் வந்தது என்று ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேளுங்கள். போன தடவை கிடைத்த பதிலை இந்தத் தடவைக்கு எழுதிவிடாதீர்கள். குடிக்காத நாளையும் நலமான நாள் என்று எழுதிவிடாதீர்கள்.

அதற்கடுத்த வருடம் மாலை கழற்றிய அன்று காவடிக் குழுத் தலைவர் தன் வீட்டிலேயே ஆட்டுக்கறி விருந்து வைத்து, பீர் கொண்டுவந்தவனை வாசலோடு திருப்பி அனுப்பினார். "மணியம் ஒருத்தருக்காக நாங்க எல்லாரும் சிராப் குடிக்கிறோம் மிஸ்ஸி, இது என்ன கொடுமை" என்று சிவப்புச் சர்பத்து டம்ளரோடு என்னிடம் புலம்பினார். புலம்பல்தான், ஆனால் அடுத்தடுத்த வருடங்களிலும் விருந்து அவர் வீட்டில்தான். அவருக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடனைச் சொல்லி முடியாது.

வார்டில் கழிந்த அந்த மாசி மகத்துக்குப் பிறகு மணியம் மறுபடி பஸ் ஓட்டவில்லை. டாக்டர் தடுப்பதற்கு முன்பே அவரே வேண்டாம் என்றுவிட்டார். அந்த மாக்சிக்கின் அழுகை இன்னும் காதில் இருக்கிறது என்றார். அதைச் சொன்ன அன்று அவர் அழுதார், நானும் அழுதேன். விபூதித் தட்டிலிருந்த சாவியை அவரே எடுத்துக்கொண்டுபோய்க் கம்பெனியில் கொடுத்தார். நல்ல மனசுள்ள கம்பெனி, பஸ் நிறுத்துமிடத்தில் சாவிகளைக் கொடுத்து வாங்கும் வேலையில் அவரை வைத்துக்கொண்டது. காலையில் ஒவ்வொரு ஓட்டுநரும் அவர் முன்னால் வந்து நின்றுதான் சாவி வாங்க வேண்டும்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வாரம் சொல்லிக்கொண்டு வரலாம் என்று அங்கே போனேன். தேவகியும் அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தார். ஒரு இளம் ஓட்டுநர் சாவிக்குக் கை நீட்டினான். மணியம் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்தார்.

"நேத்துத் தூங்குனியா?"

"தூங்குனேண்ணே."

"எத்தனை மணி நேரம்?"

அவன் சொன்ன பிறகுதான் சாவி கை மாறியது. தினமும் எல்லாரிடமும் இதைக் கேட்கிறாராம். வாயை ஊதச் சொல்வதில்லையா என்று கேலியாகக் கேட்டேன். அதைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும், இதைத்தான் யாரும் கேட்பதில்லை என்றார்.

சொல்லிவிட்டு என் முகத்தையும் அதே மாதிரி பார்த்தார்.

"நீங்க தூங்குனீங்களா, மிஸ்ஸி?"

பிள்ளைகளே, நான் ஒரு வாரமாகத் தூங்கவில்லை. இத்தனை வருட வேலை முடியப்போகிறது, அப்புறம் நான் யார் என்ற பயம். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. நல்லாத்தான் தூங்குறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை.

"இல்லண்ணே," என்றேன்.

தேவகி சாப்பாட்டுப் பாத்திரத்தை ஓரமாக வைத்துவிட்டு, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க மிஸ்ஸி," என்றார். "சொல்லுங்க. நான் கேக்குறேன்."